பாரி நாயனம்

போன பங்குனியில் ஒரு நாள் காலை. அன்றைக்கு எழுதவேண்டிய அத்தியாயத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு விட்டத்தைப் பார்ப்பதும் உத்தியோகத்தில் சேர்ந்ததுதான் என்பதை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "சும்மாதானே இருக்கிய, வாசல்ல யாருன்னு பாருங்க" என்று அடுக்களையிலிருந்து உத்தரவு பிறந்தது.

வாசலில் நின்றவன் அடுத்த தெருப் பையன். பையன் என்றால் இருபத்துமூன்று வயது. நாயனக்காரன். தகப்பனார் தவில், அண்ணனும் நாயனம். திருநெல்வேலி இசைப்பள்ளியில் மூன்று வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். முகத்தில் ஒரு பரபரப்பு இருந்தது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அது இல்லை.

"மாமா, ஒரு பாரி நாயனம் விலைக்கு வருது. காருகுறிச்சியார் கை பட்டதாம். வாங்கிரலாமா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான்.

"நான் என்னத்தைச் சொல்ல? நாயனத்தை எந்தப் பக்கம் ஊதணும்ங்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

"நீங்க பழைய கதையெல்லாம் தேடி எழுதுதவரு. இது நெசமா பொய்யான்னு உங்களுக்குத் தெரியும்லா?"

பொய் எழுதிப் பிழைக்கிறவனிடம் வந்து நிஜத்தைக் கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. விலையைச் சொன்னான். புதிதாக ஒரு ஜோடி நாயனம் செய்ய ஆகிற பணத்தைப் போல மூன்று பங்கு. பாதி கையில் இருக்கிறது. மீதிக்கு அவன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகவேண்டும். சித்திரை பிறப்பதற்குள் முடிவு சொல்லாவிட்டால் சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். அவர் வாசிப்பவர் அல்ல. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பவர்.

எனக்கு ஒரு வாரம் தவணை கொடு என்றேன். அந்த ஒரு வாரமும் அத்தியாயம் நகரவில்லை. நாயனம்தான் நகர்ந்தது. அந்த வாரத்தில் நான் புரட்டியதையும் பெரியவர்களிடம் கேட்டதையும் அடியிலிருந்து சொல்கிறேன். நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அது நாயனம். அதோடு விட்டுவிடுவோம்.

ஆழ்வார்திருநகரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்தது முதல் பதினாறு வருஷம் வாய் திறவாமல் புளியமரத்தடியில் இருந்த ஒரு பிள்ளைதான் எங்கள் ஊருக்குப் பெயர் தந்தவர். பேசாத ஆழ்வாரின் ஊர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டாலும், சத்தத்துக்கு இங்கே ஒரு நாளும் குறைவிருந்ததில்லை. வைகாசி உத்ஸவத்தில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் ஒன்பது கருட வாகனத்தில் கூடி நிற்கும் இரவை ஒருமுறை பார்த்தவர்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. தீவட்டிப் புகை, ஜன நெரிசல், தாமிரபரணிக் காற்று, இவை எல்லாவற்றுக்கும் மேலே நாயனம். அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவன் காதிலும் மல்லாரி விழவேண்டும் என்றால், வாத்தியம் எப்படி இருந்திருக்கவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி இருந்ததுதான் திமிரி நாயனம். பெயரே சொல்லுகிறது அல்லவா, அடங்காது என்று! குட்டையான குழல், உச்சமான சுருதி. ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையை ஒரு கட்டை என்று வைத்துக்கொண்டால், திமிரி நாலு, நாலரை, ஐந்து கட்டையில் பேசும். பாரி அதற்கு நேர் எதிர். நீளம் இரண்டரை அடிக்கு மேல். சுருதி இரண்டு, இரண்டரை கட்டை. குழாய் நீண்டால் ஒலி இறங்கும் என்பது கல்லூரியில் நான் படித்த கொஞ்சநஞ்சப் பௌதிகத்தில் இன்னும் மிச்சமிருக்கிற ஒரு பாடம். ஆனால் குழாய் நீண்டால் விரல் துளைகளின் இடைவெளியும் நீளும், மூச்சும் கூடுதலாக வேண்டும், வாசிப்பவன் நெஞ்சுக்கூடும் கைவிரலும் அதற்கு இணங்கவேண்டும் என்பதெல்லாம் எந்தப் பௌதிக வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. பையன்தான் சொன்னான்.

வாத்தியத்தின் அங்கங்களையும் அவன்தான் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தான். உடல் உலவு, ஆச்சா மரம். அடியில் விரிந்திருப்பது அணசு. மேலே உலோகக் கெண்டை; அதன்மேல் சீவாளி. சீவாளிக்குக் காவிரிக் கரைக் கொறுக்கைத் தட்டைதான் வேண்டும். தாமிரபரணியில் தண்ணீர் இருக்கிறது, நாணல் இருக்கிறது, ஆழ்வாரே இருக்கிறார். சீவாளி மட்டும் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்துதான் வரவேண்டும். விரலுக்கு ஏழு துளை. அதற்குக் கீழே இன்னும் ஐந்து துளை. அவற்றில் மெழுகை வைத்து அடைத்தும் குறைத்தும் சுருதியைச் சற்றே ஏற்றி இறக்கலாம். இந்தச் 'சற்றே' என்ற சொல்லை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அது எங்களைக் காப்பாற்றியது.

ஆச்சா மரத்திலும் பச்சை மரம் ஆகாது. பல பத்து வருஷம் வீட்டுத் தூணாகவோ உத்தரமாகவோ நின்று, ஈரமெல்லாம் வற்றி, இனி வளைவதுமில்லை வெடிப்பதுமில்லை என்று ஆன மரத்தையே ஆசாரிமார் தேடி எடுப்பார்கள். தாத்தா காலத்து வீட்டை இடித்து மாடி கட்டுகிறவர்கள் உத்தரத்தை ஆசாரிக்கு விற்கிறார்கள். அது நாயனமாகி, அதே வீட்டுப் பேத்தியின் கல்யாணத்துக்கு வந்து ஊதினாலும் ஊதும்.

மரத்தை நம்பாதவர்களும் இருந்திருக்கிறார்கள். எங்கள் ஆதிநாதர் கோயிலில் கல்லைக் குடைந்து செய்த நாயனம் ஒன்று உண்டு. கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலிலும் ஒன்று இருக்கிறது. கல்லுக்கு மழை தெரியாது, வெயில் தெரியாது. ஆனால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு மாட வீதி சுற்றவேண்டிய மனிதனை அந்தச் சிற்பி நினைத்தானோ இல்லையோ! சின்ன வயதில் அந்தக் கல் நாயனத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் எனக்கு ஏற்பட்டது பெருமை அல்ல. அதை ஊதியவரின் பல்லைப் பற்றிய கவலைதான்.

இனி கதைக்கு வருகிறேன். கோயில்களிலும் ஊர்வலங்களிலும் திமிரி ஆண்டுகொண்டிருந்த காலத்தில், 1898-இல் ஒருவர் பிறந்தார். டி. என். ராஜரத்தினம் பிள்ளை. அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் பேனா சொன்னபடி கேட்பதில்லை. 1940-இல் 'காளமேகம்' என்ற படத்தில் நடித்ததும், 1947-இல் சுதந்திரத்தை ஒட்டி டில்லிக்குப் போய் வாசித்ததும், தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி என்று ஆனதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகள். அவருடைய கோபத்தைப் பற்றியும் தாராளத்தைப் பற்றியும் உலவுகிற கதைகளில் பாதியை நான் நம்புவதில்லை; மீதிப் பாதியை நம்பாமல் இருக்க முடியவில்லை.

என் காரியத்துக்கு வேண்டியது இரண்டே விஷயங்கள். ஒன்று, அவர் நன்றாகப் பாடக்கூடியவர். நாயனத்தில் அவர் தேடியது சத்தத்தை அல்ல, சாரீரத்தை. ஐந்து கட்டைத் திமிரியில் மல்லாரி வாசிக்கலாம், ரக்தி வாசிக்கலாம். ஆனால் ஒரு மனிதன் தம்பூராவை மீட்டிக்கொண்டு, யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், தனக்குள்ளேயே முனகுவது போன்ற தோடி அதில் எங்கிருந்து வரும்? அதற்கு ஒலி கீழே இறங்கவேண்டும். இரண்டாவது, அவர் உட்கார்ந்து வாசிக்க விரும்பினார். நாயனக்காரர் என்றால் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்கவேண்டும். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும். வாய்ப்பாட்டுக்காரருக்கு ஜமக்காளம், இவருக்குத் தெரு. இந்த வழக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மேடை போடு, நானும் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டுப் போட்டுக்கொண்டார்.

நீண்ட குழல் என்பது அவருக்கு முன்னே யாரும் காணாத அதிசயமல்ல. ஆனால் குழலை நீட்டிவிட்டால் மட்டும் போதாது, துளைகள் பேசவேண்டும். பழைய நாயனங்களில் சுத்த மத்திமம் சரியாகப் பேசாது. வித்வான்கள் உதட்டாலும் மூச்சாலும் அதைக் கெஞ்சிக் கொஞ்சி இடத்துக்குக் கொண்டுவருவார்கள். கேட்பவருக்குத் தெரியாது, வாசிப்பவருக்கு உயிர் போகும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி இதில் புகுந்தார். உள்துளை மேலே குறுகிக் கீழே விரிந்துகொண்டே போகவேண்டும். அந்த விரிவில் ஒரு நூல் பிசகினால் ஏழு ஸ்வரமும் ஏழு பக்கம் போகும். அவர் கடைந்து கடைந்து, பிள்ளை ஊதி ஊதி, சுத்த மத்திமம் தானே வந்து உட்காருகிற பாரி நாயனம் ஒன்று பிறந்தது. இன்று தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் ஒலிப்பது அதன் வாரிசுதான். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மணப்பாறை முறுக்குக்கும் மதுரை மல்லிக்கும் கிடைக்கிற மரியாதை நாயனத்துக்கும் கிடைத்ததில் எனக்குத் திருப்திதான். ஆசாரியின் பெயர் பாடப் புத்தகத்தில் வந்தால் இன்னும் திருப்தி. பாடுகிறவன் பெயர் நமக்குத் தெரியும். கடைந்தவன் பெயர் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. இரண்டரை கட்டையில் மெதுவாகப் பேசுகிற வாத்தியத்தை ஆயிரம் பேர் கூட்டத்தில் கடைசி வரிசைக்காரன் எப்படிக் கேட்டான்? விடை வாத்தியத்துக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் வானொலி நிலையங்கள் வந்தன. கிராமபோன் தட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. பிறகு ஒலிபெருக்கி. ஊரைக் கூட்டுகிற வேலையைக் கம்பத்தில் கட்டிய குழாய் எடுத்துக்கொண்டது. நாயனத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வில்தான் அது உள்ளே திரும்பி யோசிக்கத் தொடங்கியது என்பது என் அபிப்பிராயம். சங்கீத விற்பன்னர்கள் இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

இதே நாடகம் வேறொரு மேடையிலும் நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஷாம் என்று ஒரு வாத்தியம். நம் நாயனத்துக்குத் தூரத்துப் பங்காளி. அதற்கும் இரட்டை நாக்குச் சீவாளி, மரக் குழல், விரிந்த அடி. கோட்டைச் சுவரிலும் தெரு ஊர்வலத்திலும் ஊதுவார்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு தேசத்து அரசவைக் கலைஞர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அறைக்குள் கொண்டுவந்தார்கள். ஓபோ பிறந்தது. வயலினோடு சமமாக உட்கார்ந்தது. தெருவில் நின்ற ஷாம் என்ன ஆயிற்று? பெரும்பாலான இடங்களில் வழக்கொழிந்து, பொருட்காட்சிச் சாலைக்குப் போயிற்று.

நம் ஊரில் அப்படி ஆகவில்லை. திமிரி சாகவில்லை. பாரி மேடை ஏறியபோது திமிரி நையாண்டி மேளத்தோடு கரகாட்டக்காரியின் பின்னால் போயிற்று. திருநெல்வேலிச் சீமையில் சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் ஏதாவது ஓர் அம்மன் கோயில் கொடைக்குப் போய்ப் பாருங்கள். நள்ளிரவு தாண்டி, சாமியாடி இன்னும் மருள் வராமல் நிற்கும்போது, பம்பையோடும் தவிலோடும் போட்டி போட்டுக்கொண்டு திமிரி ஒரு கீறல் கீறும் பாருங்கள்! பாரிக்கு அந்த வேலை தெரியாது.

என் பையன் வயிறு வளர்ப்பது இந்தக் கொடையில்தான். வருஷத்துக்கு ஏழெட்டுக் கல்யாணமும் உண்டு. ஆனால் கல்யாணங்களில் இப்போது கேரளத்துச் செண்டை மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பட்டுச் சட்டைக்காரர்கள் அதற்குத்தான் கையைத் தட்டுகிறார்கள். பல கோயில்களில் சுவிட்சைப் போட்டால் தானே அடித்துக்கொள்ளும் முரசும் மணியும் மாட்டிவிட்டார்கள். அந்த யந்திரத்துக்குச் சம்பளம் இல்லை, தீட்டு இல்லை, காய்ச்சல் இல்லை. இந்த நிலைமையில் அவன் தன் தாயின் சங்கிலியை வைத்து ஒரு பாரி நாயனம் வாங்க ஆசைப்படுகிறான் என்றால், அது வெறும் ஆசை அல்ல. கொடைத் தெருவிலிருந்து ஜமக்காளத்துக்குப் போக ஒரு வழி கேட்கிறான். ராஜரத்தினம் பிள்ளை கேட்ட அதே ஜமக்காளம்தான்.

காருகுறிச்சியார் பெயர் ஏன் அவனை அப்படி மயக்கிற்று என்பதையும் சொல்லவேண்டும். ஆழ்வார்திருநகரியில் ரயில் ஏறித் திருநெல்வேலி போய், அங்கே தென்காசி வண்டி மாறினால் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சி. மண்பானைக்குப் பேர் போன ஊர். அங்கே 1921-இல் பிறந்தார் அருணாசலம். ராஜரத்தினம் பிள்ளைக்குச் சிஷ்யராகி, அவருக்கு இரண்டாவது நாயனமாக வாசித்து, அவருடைய பாணியைத் தன் மண்ணின் குழைவோடு திருப்பிக் கொடுத்தவர். 1956-இல் குரு மறைந்தார். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படம் வந்தது. எஸ். எம். சுப்பையா நாயுடுவின் சங்கீதத்தில், எஸ். ஜானகியின் குரலும் இவருடைய நாயனமும் ஆபேரியில் ஒன்றை ஒன்று துரத்திப் பிடிக்கிற அந்தப் பாட்டு, சங்கீதம் என்றாலே எழுந்து போகிறவர்களைக்கூட டீக்கடை பெஞ்சில் உட்கார்த்தி வைத்தது. ஒரு பெண்ணின் சாரீரத்துக்குப் பக்கத்தில் நாயனம் இத்தனை மிருதுவாக நிற்கும் என்று அதற்குமுன் ஜனங்கள் நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டே வருஷம், 1964-இல் அவரும் போய்விட்டார். எனக்கு இப்போது என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயது. அவர் குடியிருந்த கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆற்றோரத்து நாயனக்காரப் பிள்ளைகளுக்கு அவர் வெறும் வித்வான் அல்ல. நம்மில் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதற்குச் சாட்சி.

ஆகவே அவர் கை பட்ட வாத்தியம் என்றால் விலை மூன்று பங்கு என்ன, முப்பது பங்கு சொன்னாலும் நியாயம்தான். ஆனால் கை பட்டதா? பட்டிருந்தாலும் அந்தக் கையின் வித்தை மரத்தில் தங்கியிருக்குமா?

இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பரீட்சையே நடத்திப் பார்த்துவிட்டார்கள். 2010-இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு ஹோட்டல் அறை. தேர்ந்த வயலின்காரர்கள் இருபத்தொருவர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஆறு வயலின்களைக் கையில் கொடுத்தார்கள். மூன்று புதியவை. மூன்று பழையவை; அவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. விலை கேட்டால் நம் தாலுகாவையே வாங்கிவிடலாம். எதை வீட்டுக்கு எடுத்துப்போக ஆசை என்று கேட்டபோது பெரும்பாலோர் புதிய வயலினையே காட்டினார்கள். மொத்தத்தில் கடைசி இடத்துக்குப் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. இதைக் கேட்டு வயலின் உலகத்தில் பெரிய ரகளை ஆயிற்று. ஆறு வயலினை வைத்துக்கொண்டு என்ன தீர்ப்பு என்று கேட்டவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் கண்ணைக் கட்டியதும் பெயர் உதிர்ந்துவிடுகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. கதாசிரியன் என்ற முறையில் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இதைப் பையனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "கண்ணைக் கட்டிட்டு நான் வாசிச்சுப் பாக்கலாம் மாமா. கேக்குற சனம் கண்ணைத் திறந்துக்கிட்டுல்லா இருக்கும்?" என்றான். காருகுறிச்சியார் நாயனம் என்று நோட்டீஸில் போட்டால் கச்சேரி வரும் என்பது அவன் கணக்கு. இதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் இருவரும் போனோம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன ஊர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சுவரின் பாதி உயரம் வரை தண்ணீர் நின்ற அடையாளம் இன்னும் காரையில் கோடாக இருந்தது. அந்த வெள்ளத்தில்தான் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் முழுக்க ஜனங்களோடு நின்றுபோயிற்று; பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நாயனம் பரணில் இருந்ததால் பிழைத்தது. வீட்டில் ஒரு ஆச்சி. காலமாகிவிட்ட வித்வானின் மனைவி. மகன் வெளியூரில் வேலை. விற்கச் சொல்கிறவன் அவன்.

ஆச்சி உறையை அவிழ்த்து எடுத்தாள். கறுத்து, எண்ணெய் மினுமினுப்போடு, கைபட்டுக் கைபட்டுத் துளையோரம் மழுங்கி, அழகான வாத்தியம். பையன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"காருகுறிச்சியார் வாசிச்சதா ஆச்சி?" என்று நான் கேட்டேன்.

"அப்படித்தான் மகன் சொல்லுதான். அவுக என்கிட்ட சொன்னது வேற. ஒரு கல்யாணத்துல காருகுறிச்சியார் பக்கத்துல வந்து உக்காந்து, இதைக் கையில வாங்கிப் பாத்துட்டு, நல்ல மரம்னு சொல்லிக் குடுத்தாராம். அம்புட்டுதான். அதையே நாப்பது வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தாக."

கை பட்டது நிஜம்தான். பையன் என்னைப் பார்த்தான். நான் பரணைப் பார்த்தேன். பிறகு அவன் தன் சீவாளியைப் பொருத்தி, நனைத்து, ஊதினான். முதலில் இருமல், பிறகு மெல்லக் குரல் வந்தது. கொஞ்ச நேரம் கரகரப்பிரியாவில் சுற்றினான். சுத்த மத்திமத்தில் வந்து நின்றான். நின்றான் என்றால், தூண் மாதிரி நின்றான். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவன் என்னைக் கேட்டிருந்தால் சங்கிலியை மட்டுமல்ல, வீட்டையும் அடகு வை என்று சொல்லியிருப்பேன்.

நல்ல வேளையாக அவன் அண்ணனும் கூட வந்திருந்தான். பேச்சே இல்லாத ஆள். தன் நாயனத்தை எடுத்துத் தம்பியோடு சேர்ந்து ஒரு ஷட்ஜம் பிடித்தான். இரண்டு ஷட்ஜமும் இரண்டு ஊருக்குப் போயின. இது இரண்டு கட்டை, அண்ணனுடையது இரண்டரை. சீவாளியை மாற்றினார்கள். கெண்டையை இழுத்தும் தள்ளியும் பார்த்தார்கள். கீழ்த் துளைகளில் மெழுகை எடுத்தும் வைத்தும் அரை மணி நேரம் போராடினார்கள். நகர்ந்தது, ஆனால் சற்றேதான் நகர்ந்தது. நாயனம் ஒற்றையாகப் போகிற வாத்தியம் அல்ல. ஜோடியாகத்தான் போகும், இரண்டும் ஒரே சுருதியில் ஒரே மூச்சாக இருக்கவேண்டும். இதை வாங்கினால் அண்ணனுக்கும் இதே போல் இன்னொன்று செய்யவேண்டும். அல்லது அண்ணனை விட்டுவிட்டுத் தனியே போகவேண்டும். ஒரு வாரம் ஊரெல்லாம் சுற்றிச் சரித்திரம் திரட்டிய எனக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவே இல்லை.

பையன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் ஆச்சியிடம், "ஆச்சி, இதை நீங்க யாருக்கும் குடுங்க. அளவு மட்டும் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டான்.

"எடுத்துக்கோ ராசா. அளவுக்கு என்ன காசா?"

நீளக் காகிதம் ஒன்றைத் தரையில் விரித்து, நாயனத்தைக் கிடத்தி, துளைக்குத் துளை பென்சிலால் குறித்தார்கள். உள்துளை அளவு பார்க்க ஈர்க்குச்சியை விட்டு நகத்தால் அடையாளம் வைத்தார்கள். அண்ணன் அதைத் தன் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினான். புறப்படும்போது ஆச்சி வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டே, அவுக திதிக்கு ஒரு நடை வந்து இதிலேயே கொஞ்சம் வாசித்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டாள். அது வரைக்கும் விற்காமல் இருக்கவேண்டுமே என்று நான் மனசுக்குள் நினைத்தேன். மகனிடம் போனில் என்ன பேசினாளோ, சென்னைக் கார் வரவில்லை.

கொடை சீசன் முடிந்ததும் பையனும் அண்ணனும் காகிதத்தோடு நரசிங்கம்பேட்டைக்கு ரயில் ஏறினார்கள். ஒரே மரத்தில் ஒரு ஜோடி. சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது. ஐப்பசியில் வாத்தியங்கள் வந்து சேர்ந்தன. திதி அன்றைக்கு ஆச்சி வீட்டுக்குப் போய்ப் பழையதையும் வாசித்துவிட்டு வந்தார்களாம். நான் அன்று ஊரில் இல்லை.

பிறகு ஒரு நாள் தெருவில் பார்த்தபோது, "புதுசு எப்படி? சுத்த மத்திமம் பேசுதா?" என்று கேட்டேன்.

"அண்ணன் கையில இருக்கது பேசுது மாமா. என்னோடது இன்னும் முரண்டுதான் பிடிக்குது" என்று சொல்லிவிட்டு, தோளில் திமிரி உறையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.